காற்று வரும் திசை

கடல் காணாத ஊரில் அமர்ந்துகொண்டு கடலைத் தீட்ட முற்பட்ட ஒருவரின் கதை இது. நகைப்பிற்குரிய முயற்சி என்று அன்பர்கள் கருதலாம். தொடக்கத்தில் யாமும் அவ்வாறே கருதினோம்.

யாம் குடியிருக்கும் பெருங்கடவிளை, நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே உள்நாட்டில் அமைந்த சிற்றூர். ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் தென்னையும் வாழையும் சூழ்ந்த மேடுபள்ளமான நிலம். அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு ஊருக்கு அண்மையில் அருவிப்புரத்தைத் தழுவிக்கொண்டு ஓடுகிறது. 1888ஆம் ஆண்டு நாராயண குரு சிவனை நிலைநாட்டிய அதே அருவிப்புரந்தான். அந்த ஆறு நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. ஆற்றுக்குக் கடலைத் தெரியும், ஊருக்குத் தெரியாது. "அப்பா, நம்ம ஊர்ப் பேர்ல 'கட' வரைக்கும் இருக்கு, 'ல்' மட்டுந்தான் இல்ல" என்று எம் மகள் ஒருமுறை சொன்னாள்.

இப்பகுதியில் தமிழர் என்போர் இரு வகையினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகராமலேயே அயல்மாநிலத் தமிழர் ஆனோர் ஒரு வகை. எம்மைப் போல் பணிமாற்ற ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியோர் மற்றொரு வகை. நாள்தோறும் காலையில் நெய்யாற்றின்கரை நிலையத்தில் ரயிலேறித் திருவனந்தபுரம் சென்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக ஆங்கிலத்திலும் இந்தியிலும் கோப்புகளுக்குக் குறிப்பெழுதி, மாலையில் கடைத்தெருவில் மலையாளம் பேசிக் காய்கறி வாங்கி, இரவில் வீடு திரும்பித் தமிழில் உண்டு உறங்குவது எம் வாழ்க்கை. இந்த ஒழுங்கில் ஓவியத்திற்கு இடம் எங்கே என்று கேட்கலாம். இடம் இல்லாமையே காரணம் என்பதுதான் விடை. நாற்பத்தைந்து அகவையைக் கடந்தபின், மேலதிகாரியின் ஒப்பம் வேண்டாத ஒரு செயலையேனும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எமக்குள் எழுந்தது.

கல்லூரியில் யாம் பயின்றது வரலாறு. ஆகவே தூரிகையைத் தொடுமுன் தைல வண்ண ஓவியத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதில் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. திருவிதாங்கூரின் தைல வண்ண ஓவியம் என்றவுடன் கிளிமானூர் இரவிவர்மாவே நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு முன்பே மதுரையிலிருந்து வந்த ஓவியர்கள் திருவனந்தபுரத்து அரசவையில் அக்கலையைக் கையாண்டுவந்தனர். சுவாதித் திருநாள் காலத்தில் அளகிரி நாயுடு இருந்தார். ஆயில்யம் திருநாள் காலத்தில் இராமசாமி நாயக்கர் இருந்தார். இளைஞரான இரவிவர்மாவுக்குத் தைல வண்ணத்தின் நுட்பத்தைக் கற்றுத்தர இராமசாமி நாயக்கர் இசையவில்லை. அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். 1868ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரசவைக்கு வந்தபோதும், அவர் தீட்டுவதை அருகில் நின்று பார்க்க மட்டுமே இரவிவர்மாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒருவர் மறைத்ததையும், ஒருவர் ஒளிந்து கொடுத்ததையும், ஒருவர் பார்க்க விட்டதையும் சேர்த்தே அந்தப் பெரும்புகழ் உருவாயிற்று. சொல்லிக்கொடுப்பவர் அருகில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து யாம் அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

ஓணம் விடுமுறையில் மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள ஓவியத்துணி ஒன்றும், வண்ணக் குழல்கள் பத்தும், ஆளிவிதை எண்ணெயும், டர்ப்பன்டைன் ஒரு புட்டியும் வாங்கி வந்தோம். எம் இல்லாள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றாள். அந்த மௌனத்திற்கு அஞ்சியே, படத்தை எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டோம்.

தைல வண்ணம் நீர் வண்ணத்தைப் போல் ஈரம் வற்றிக் காய்வதன்று. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து உயிர்வளியை மெல்ல மெல்ல ஏற்று இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள்கள் ஆகும். உள்ளும் புறமும் இறுகப் பல மாதங்கள் வேண்டும். அடிப்பூச்சுகளை டர்ப்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேற்பூச்சுகளை எண்ணெய் மிகுத்தும் இட வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. மாற்றிச் செய்தால் மேலே உள்ளது முன்னர் இறுகிவிட, கீழே உள்ளது பின்னர் அசைந்து, ஓவியம் கோடைக்காலத்து ஏரிப்படுகை போல் வெடிக்கும். பொறுமையற்றவர்க்கு ஏற்ற கலையன்று இது. ஆனால் பதவி உயர்வுக்காகப் பதினோராண்டு காத்திருந்த எமக்குப் பொறுமையில் பயிற்சி உண்டு.

எதைத் தீட்டுவது? வீட்டில் பழைய நாட்காட்டி ஒன்று கிடந்தது. அதில் மாலைக் கடலில் மேலைநாட்டுப் பாய்மரக் கப்பல்கள் இரண்டு மிதந்தன. உயர்ந்த மரங்கள், அடுக்கடுக்கான வெண்பாய்கள், பொன்னிற வானம். அதைப் பார்த்துத் தீட்டலானோம். ஞாயிறுதோறும் முன்முற்றத்தில் அமர்ந்து, தொடுவானத்தை அளவுகோல் வைத்துக் கோடிட்டோம். அண்மை அலைக்கு அடர்நீலம், தொலைவுக் கடலுக்கு வெளிறிய சாம்பல் என்று அடுக்கினோம். ஏழு ஞாயிறுகள் சென்றன. ஏறத்தாழ முடிந்த நிலையில் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது.

அப்பொழுது ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. 1832ஆம் ஆண்டு இலண்டன் அரச கலைக்கழகக் கண்காட்சியில், கப்பல்கள் மிதக்கும் அவருடைய சாம்பல் நிறக் கடற்காட்சிக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் தீட்டிய வண்ணமயமான ஓவியம் தொங்கியது. டர்னர் வந்தார், இரண்டையும் பார்த்தார், தம் கடலின் நடுவே செவ்வண்ணத்தை ஒரு பொட்டாக இட்டுவிட்டுச் சொல்லாமல் சென்றார். பின்னர் அதை மிதவையாகத் திருத்தினார் என்பர். அந்த ஒரு பொட்டு ஓவியத்திற்கே உயிர் தந்ததாம். யாமும் டர்னரானோம். பெரிய கப்பலின் மர உச்சியில் செங்கொடி ஒன்றைப் பின்னோக்கிப் பறக்க விட்டோம். படம் எழுந்து நின்றது.

அலுவலகத் தோழர்கள் கைப்பேசியில் படத்தைப் பார்த்துப் பாராட்டினர். சட்டம் போட்டு விற்கலாம் என்றார் ஒருவர். நம் சங்கத்து ஆண்டுவிழாவில் உறுப்பினர்தம் கைவண்ணக் கண்காட்சி இருப்பதால், அதற்கு இதனைத் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பெயரட்டையும் எழுதி வைத்தோம். யாம் பெருமிதத்தில் மிதந்துகொண்டிருந்த அந்நாளில்தான், வீட்டினுள் இருந்த ஒரே மாலுமி முற்றத்திற்கு வந்தார்.

எம் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர், அகவை 83. மாமியார் மறைந்தபின், கடைக்குட்டியான எம் இல்லாளுடன் வந்து தங்கி ஈராண்டுகள் ஆகின்றன. பதினேழாவது அகவையில் தோணியேறி, இருபது ஆண்டுகள் கொழும்புக்கும் தூத்துக்குடிக்குமாக வெங்காயமும் பருப்பும் ஏற்றிச் சென்றவர். அக்காலத்துத் தோணிகளுக்குப் பொறி கிடையாது. பாயே வலிமை, காற்றே எரிபொருள். நல்ல காற்று வாய்த்தால் இரண்டு நாள், காற்று விழுந்துவிட்டால் ஒரு வாரம் என்பார். தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கியதும் தோணிகளைக் கரையில் கட்டிவிட்டு, அது தணியும்வரை பழுது பார்ப்பார்களாம். பின்னர்ப் பொறிகள் வந்தன. அவர் கரையேறி உப்பளம் ஒன்றில் காவற்பணி பார்த்தார். இப்போதும் தூத்துக்குடிப் பழைய துறையிலிருந்து தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்கின்றன. ஆனால் அவை பாயை நம்பிச் செல்வதில்லை.

மாமனாருக்குக் குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். விழியினுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை அரித்துவிடும் நோய் அது. முதலில் ஓரப்பார்வை போகும். நடுப்பார்வை ஒரு குழாயின் வழியே பார்ப்பது போல் எஞ்சி நிற்கும். போன பார்வை மீளாது, எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவர் எதையும் முழுமையாகப் பார்ப்பதில்லை. முகத்தை அருகே கொண்டுவந்து, தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, விரல் அகலம் விரல் அகலமாகப் பார்ப்பார்.

அன்று எம் ஓவியத்தையும் அப்படித்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பாராட்டை எதிர்நோக்கி அருகில் நின்றோம்.

"மாப்பிள்ளை, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது?"

எமக்கு வினா விளங்கவில்லை. "எந்தக் காற்று, மாமா?"

"உங்க படத்துலதான். பாய் எல்லாம் முன்னால பொடச்சு நிக்குது. அப்ப காத்து பின்னால இருந்து வருது. சரி. ஆனா கொடி பின்னால பறக்குது. அப்ப காத்து முன்னால இருந்து வருது. ஒரு கப்பலுக்கு ரெண்டு காத்தா?"

யாம் வாயடைத்து நின்றோம். உண்மைதானே! காரிலும் பேருந்திலும் கட்டிய கொடி பின்னோக்கிப் பறப்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் எமவை. வண்டி தன் வலிமையால் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. ஆகவே அதன் கொடி பின்னால் பறக்கிறது. பாய்மரக் கப்பலோ காற்றால் ஓடுவது. பின்னிருந்து வரும் காற்று பாயை எப்பக்கம் தள்ளுகிறதோ, கொடியையும் அப்பக்கமே தள்ளும். கொடி கப்பலுக்கு முன்னோக்கித்தான் பறக்க வேண்டும். நாட்காட்டிப் படத்தில் கொடி இல்லை. அதை வரைந்தவர் பிழை செய்யவில்லை. எம் டர்னர்ப் பொட்டுத்தான் பிழை.

"சின்னக் கப்பல் இந்தப் பக்கம் சாயுது, பெரிய கப்பல் அந்தப் பக்கம் சாயுது. கயிறு ஒண்ணு மரத்துல இருந்து கெளம்பி எங்கயும் போய்ச் சேரல. பாத்தீங்களா?" என்று மேலும் விரல் நீட்டினார்.

அன்றிரவு எமக்குச் சினம் தணியவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. கண் தெரியாத முதியவர், முழுப் படத்தையும் பார்க்க இயலாதவர், குறை கூறுகிறாரே என்று இல்லாளிடம் முணுமுணுத்தோம். அவள் அமைதியாகச் சொன்னாள்: "முழுசாத் தெரியாததாலதான் அப்பா ஒவ்வொரு கயிறாப் பாக்குறாங்க. நீங்க முழுசாப் பாத்தீங்க, கயிறப் பாக்கல." பின்னர் விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் ரயிலில் அதையே எண்ணிக்கொண்டு சென்றோம். எம்மை உறுத்தியது கொடியன்று. ஈராண்டுகளாக ஒரே கூரையின்கீழ் இருபதாண்டுக் கடலோடி ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கஞ்சியும் மருந்தும் வேளை தவறாமல் தந்தோம். ஒரு நாளேனும் அவருடைய தோணியைப் பற்றிக் கேட்டதில்லை. கப்பல் வேண்டும் என்று தோன்றியபோது நாட்காட்டியைத் தேடினோமேயன்றி அவரைத் தேடவில்லை. அதுவும் எந்தக் கப்பல்? பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கப்பல்களை ஓவியமாக்குவதில் உலகுக்கே வழிகாட்டினர். எம் நாட்காட்டிப் படம் அந்த மரபில் வந்தது. அதே ஒல்லாந்தரின் கப்பல்கள்தாம் நம் கரைக்கும் வந்தன. 1741ஆம் ஆண்டு எம் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றன. அங்கே பிடிபட்ட டி லனாய் பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். வரலாறு படித்த யாம், குளச்சலில் தோற்ற கப்பலை அழகு கருதித் தீட்டினோம். கொழும்புக்கு ஓடிய தோணியை மறந்தோம்.

நம்மவரும் கப்பலை வரைந்தவர்கள்தாம். அசந்தாவின் இரண்டாம் குகையில் மூன்று மரங்கள் கொண்ட கப்பல் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. சாதவாகனர் நாணயங்களில் இரு மரக் கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் அகழ்ந்தபோது, கப்பல் உருவம் கீறிய பானையோடு கிடைத்தது. யாரோ ஒருவர் துறையில் நின்ற கலத்தைப் பார்த்துவிட்டு வந்து பானையில் கீறியிருக்கிறார். அவர் முன்னால் எந்த நாட்காட்டியும் இருந்திருக்காது.

அன்று மாலை வீடு திரும்பியதும் மாமனாரின் கட்டிலருகே அமர்ந்து, "மாமா, உங்கள் தோணியைத் தீட்ட வேண்டும். சொல்லுங்கள்" என்றோம். அவர் நம்பவில்லை. எம் மகளை அழைத்துப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்ன பின்னரே நம்பினார்.

பத்து நாள்கள் அவர் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் எழுதினாள். தோணியின் முன்தலை அணியம். பாயைத் தாங்கிக் குறுக்கே சாய்ந்து நிற்கும் நீண்ட கழி பருமல். பருமலை மரத்தின்மேல் ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுத்துக் கட்டும் கயிறு தாமான். திசைதிருப்பும் கருவி சுக்கான். தோணியை நடத்துபவர் தண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். "ஆஞ்சான் பாயை ஏத்தும், தாமான் பாயை அடக்கும். ரெண்டும் இல்லேன்னா அது பாயில்ல தாயி, கொடியில காயுற வேட்டி" என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள்.

இடையே ஒரு சிறு வேடிக்கை. மலையாளத்தில் பயிலும் அவள் பாய்மரம் என்பதைப் 'பாமரம்' என்று எழுதிவிட்டாள். "பாமரன்னா ஒண்ணும் தெரியாதவன்லா?" என்றார் தாத்தா. மலையாளத்தில் பாய்மரத்திற்குப் பாமரம் என்பதே பெயர் என்று அவள் பள்ளி அகராதியைக் கொண்டுவந்து காட்டினாள். பிழையன்று, அண்டை வீட்டுச் சொல். தாத்தாவுக்கு அது பிடித்துவிட்டது. "அப்ப நாந்தான் பாமரத்துல ஏறுன பாமரன்" என்றார். எமக்கோ, எம் அகவைக்கு யாம் ஒருமுறையும் எழுதிப் பாராத ஆஞ்சானையும் தாமானையும் மகளின் கையெழுத்தில் முதன்முதல் பார்த்தது மகிழ்ச்சியையும் நாணத்தையும் ஒருங்கே தந்தது.

சங்கத்துச் செயலாளரை அழைத்து, கண்காட்சிக்குப் படம் தர இயலாது என்றோம். "நன்றாகத்தானே இருந்தது?" என்றார். "காற்றில் ஒரு பிழை" என்றோம். அவர் என்ன எண்ணிக்கொண்டாரோ அறியோம்.

புதிய துணியில் தொடங்கினோம். இம்முறை வண்ணத்திற்கு முன் காற்றை முடிவு செய்தோம். படத்தின் இடப்பக்கம் இருந்து காற்று வருகிறது என்று துணியின் பின்புறத்தில் கரிக்கோலால் ஓர் அம்பு வரைந்தார் மாமனார். அதன்பின் எல்லாம் அந்த அம்புக்கு அடங்கின. தோணி வலப்பக்கம் சாய்ந்தது. கொடியும் அலைநுரையும் வலப்பக்கம் சென்றன. தொலைவில் சென்ற மற்றிரு தோணிகளும் ஒருசேர அப்பக்கமே சாய்ந்தன. ஒன்றை மாற்றினால் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்பது விளங்கியது. கடலில் எத்தனை கலங்கள் இருப்பினும் காற்று ஒன்றுதான்.

ஒல்லாந்தின் வான் டி வெல்டே என்னும் ஓவியர்களான தந்தையும் மகனும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தனர். தந்தை சிறு படகில் கடற்போர்களுக்கு நடுவே சென்று கப்பல்களை வரைந்து வருவார். மகன் அவற்றை வண்ண ஓவியமாக்குவார். இருவரும் இங்கிலாந்தில் குடியேறியபின், 1674ஆம் ஆண்டு இரண்டாம் சார்லசு மன்னர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுன் ஊதியம் வகுத்தார். தந்தைக்கு வரைவதற்கு, மகனுக்கு அவ்வரைவுகளை வண்ணத்தில் இடுவதற்கு. எம் வீட்டிலும் ஏறத்தாழ அதே பணிப்பகிர்வுதான். ஊதியந்தான் இல்லை.

ஒரு நாள் மாமனார், "இங்க இருந்து சொன்னா வராது, என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் எல்லோரும் பூவாற்றுக்குச் சென்றோம். அங்கே எம்மூர் ஆறும் கடலும் ஒரு மணல் திட்டின் இருபுறமும் கிடக்கின்றன. மணலில் அவரைக் கைப்பிடித்து நடத்திச் சென்றோம். 2025 மே மாதம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட விழிஞம் துறைமுகம் வடமேற்கே இருக்கிறது. பண்டு ஆய் மன்னர்களின் துறையாக விளங்கிய அதே விழிஞத்திற்கு இன்று உலகின் மாபெரும் சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வருகின்றன. தொடுவானத்தில் அத்தகைய ஒன்று அடுக்குமாடி வீடு போல் நின்றது. பாய் ஒன்றும் கண்ணில் படவில்லை. மாமனாருக்கு அந்தக் கப்பலும் தெரியவில்லை.

அவர் கண்களை மூடிக்கொண்டு முகத்தை மெல்ல இடமும் வலமும் திருப்பினார், ஓரிடத்தில் நிறுத்தினார். "ரெண்டு காதுலயும் காத்து சமமாக் கேக்கணும். அப்ப மூக்கு காட்டுறதுதான் காத்து வர்ற திசை. ராத்திரி வேளையில, நட்சத்திரம் இல்லாதப்ப, இப்படித்தான் பாப்போம். இதுக்குக் கண்ணு வேண்டாம் தாயி." எம் மகளும் கண்ணை மூடித் திரும்பி நின்றாள். அவளைத் தொடர்ந்து இல்லாளும் யாமும் நின்றோம். மணலில் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஒரு குடும்பமே கண்ணை மூடிக் கடலைப் பார்த்து நிற்பதை வியப்போடு நோக்கினர். முதலில் இரைச்சல் மட்டுமே கேட்டது. பின்னர் ஓரிடத்தில் இரு காதிலும் ஒரே அளவாய்க் காற்றின் ஒலி நின்றது. கண்ணைத் திறந்தபோது நால்வரும் ஒரே திசையை நோக்கியிருந்தோம்.

பங்குனியில் ஓவியம் முடிந்தது. அழகில் முதற்படத்திற்கு ஈடாகாது. பொன்வானம் இல்லை, அடுக்குப் பாய்கள் இல்லை. எண்ணெய் பூசிக் கறுத்த உடலுடன் ஒரு தோணி, பழுப்பேறிய பாயுடன், சாம்பல் நிறக் காலையில் கொழும்பை நோக்கிச் செல்கிறது. அணியத்தில் ஒருவன் நிற்கிறான், முகம் தெரியாது. தாமானைப் பிடித்தபடி இளைஞன் ஒருவன் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறான். அவனுக்குப் பதினேழு அகவை இருக்கலாம்.

அந்த ஆறு மாதத்தில் மாமனாரின் பார்வை மேலும் சுருங்கிவிட்டது. மருந்து ஓரளவே தடுத்தது. முற்றத்தில் படத்தை வைத்து அவரை அழைத்தபோது, தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். பாயைக் கண்டுபிடிக்க இயலவில்லை. எம் மகள் அவர் பக்கத்தில் நின்று, "இது மரம் தாத்தா. இதுல இருந்து ஆஞ்சான் மேல போகுது. இது பருமல். தாமான் இங்க, கீழ்மூலையில" என்று வரிசையாகச் சொன்னாள். நோட்டுப் புத்தகம் அவள் கையில் இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "காத்து?" என்று கேட்டார். "இடது பக்கம்" என்றாள். தாமான் இருக்கும் இடத்தை அறியக் கையை நீட்டினார். வண்ணம் காயவில்லை என்று யாம் சொல்வதற்குள் அவருடைய சுட்டுவிரல் பாயின் கீழ்மூலையில் பதிந்துவிட்டது. விரலில் ஒட்டிய வண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய், "எண்ணெய் வாடை. தோணிக்குப் பூசுற வாடை மாதிரி இருக்கு" என்றார். வேறு பாராட்டு எதுவும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அந்தப் படத்தைத் தந்திருக்கிறோம். அயலூரில் வாழும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கட்டிலில் அமர்ந்திருப்பவர் உண்டு. அவர் தோணி ஓட்டியிராவிட்டால் ஏர் ஓட்டியிருப்பார், தறி நெய்திருப்பார், பானை வனைந்திருப்பார். அந்தத் தொழிலின் சொற்களை அவர் தாமாகச் சொல்லமாட்டார். கேட்க வேண்டியது நாம். ஒரு நோட்டுப் புத்தகமும் மாலையில் அரைமணி நேரமும் போதும். ஓவியம் வேண்டும் என்பதில்லை.

மண்டபத்தில் படத்தைப் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாயின் கீழ்மூலையில், தாமான் கட்டியிருக்கும் இடத்தில், வண்ணம் சற்றே அமுங்கி ஒரு விரல் தடம் தெரியும். தீட்டியவரின் கவனக்குறைவு என்று கருதிவிடாதீர்கள். திருத்தி விடலாம் என்று இல்லாள் சொன்னாள். யாம்தான் தூரிகையை எடுக்கவில்லை.